பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து

"மறுபடியும் கையெழுத்தா? உயிர வாங்குறியேம்மா!"

டாக்டர் கிரேடி சலித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். ஓஹாயோவில் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள், ஒரு பல் டாக்டரின் பக்கத்தில் நூறு மணி நேரமாவது நின்று, பார்த்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கோடை முழுக்க டெலியா கிரேடியிடம் அதைத்தான் செய்தாள்.

"உன் மார்க்குக்கு எந்தக் காலேஜும் வாசப்படி ஏத்தாது. பேசாம இங்கயே காபி போட்டுக்கிட்டு இரு."

டெலியா சிரித்தாள். என்ன சொன்னாலும் சிரிக்கிற பெண்.

நோட்டை அவர் ஒருநாளும் படித்ததில்லை. கடைசிப் பக்கத்திலும் கிறுக்கித் தள்ளினார்.

"எந்தக் காலேஜுக்கு அனுப்பப் போற?"

"காலேஜ்ல போன டிசம்பர்லயே சீட் குடுத்துட்டாங்க டாக்டர். இது டாக்டருங்க லைசன்ஸ ரத்து பண்ற போர்டுக்கு. நேத்து வரைக்கும் உள்ள பக்கமெல்லாம் போயாச்சு."

கிரேடி அப்போதுதான் நோட்டைப் புரட்டினார். 'எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை. பல்லைக் குடைந்தார்.' அடுத்த பக்கம்: 'சொத்தை இல்லை. பிடுங்கினார்.' மொத்தம் முப்பத்தெட்டு நல்ல பற்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து.

"யாரு... யாரு நீ?"

"மூணு வருஷம் முன்னாடி, சொத்தைன்னு சொல்லி டோரீன்ங்கிற அம்மாவுக்குப் பதினோரு பல்லப் பிடுங்கினீங்களே, அவங்க பொண்ணு. எங்கம்மா இன்னும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறாங்க."

நோட்டை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"இனிமே நீங்க பொத்திக்குங்க."