ஏறாத முள்

"எஞ்சின் சூடாகலையாம்! கேட்டீங்களா மேஸ்திரி, இதையும் ஒரு குறைன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கா என் தங்கச்சி."

அண்ணன் சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். மெக்கானிக் ஷெட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அதனால் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சிரித்தான்.

ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓட்டி வந்திருந்தார்கள். வெப்பம் காட்டும் முள் அடியை விட்டு அசையவே இல்லை. ஹீட்டரைத் திருகினால் குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"முள்ளு எப்பவும் இப்படித்தான் இருக்குமா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"எப்பவும் அங்கதான் நிக்கும். வண்டி அப்படி, ஐஸ் மாதிரி."

அந்த முள்ளை அவன் ஒருமுறையாவது பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

"ஹீட்டர்?"

"நான் போடுறதே இல்ல. நம்ம உடம்பு அந்த மாதிரி."

அந்த உடம்பு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும், கோட்டுக்கு மேல் மப்ளரும் போட்டிருந்தது.

மதியம் கையெழுத்து. அப்பா இரண்டு பேருக்குமாக விட்டுப்போன வீட்டில் தன் பங்கைத் தங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு இந்தக் கார். அவன் புதுக் கார் வாங்கிய பிறகு இது அவன் வீட்டுப் பின்பக்கம் தூசி படிந்து கிடந்தது. வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்வாளாம். அவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும் எங்கே தூங்குவார்கள் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. காருக்குள் பின்சீட் இருக்கிறதே என்று நினைத்திருக்கலாம்.

'ஓட்டிப் பாரு, நான் உன்னை ஏமாத்துவேனா?' என்று முந்தாநாள் காரை அவள் வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். கார் சரியாக ஓட வேண்டும்.

அவனிடம் முகத்துக்கு நேராக 'மாட்டேன்' என்று சொல்ல அவளால் முடியாது. ஒரே ஒருமுறை, கல்யாணத்தின்போது சொன்னாள். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள் என்று அவன் கல்யாணத்துக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கியதும் இல்லை. கிரீஸ் ஒட்டுமாம். மாப்பிள்ளை எந்த ஷெட்டில் வேலை பார்த்தான் என்று அண்ணன் அவர் உயிரோடு இருந்தபோதும் கேட்கவில்லை, செத்துப்போன பிறகும் கேட்கவில்லை.

மேஸ்திரி எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

"கொஞ்சம் ஆறட்டும் சார். ஆறின எஞ்சின்லதான் தெரியும்."

"அதுதான் சூடே ஆகலையே, எதை ஆற வைக்கிறது?"

தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போய் அண்ணன் மப்ளரை ஒருமுறை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டான். காத்திருந்த நேரமெல்லாம், இந்தக் காரைத் தன் மச்சானிடமிருந்து, அதாவது பெண்டாட்டியின் தம்பியிடமிருந்து, எப்படி மடக்கி வாங்கினான் என்ற கதையைச் சொன்னான். கதையில் மச்சான் முட்டாள், அவன் புத்திசாலி.

எஞ்சின் ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயின் மீது மேஸ்திரி உள்ளங்கையை வைத்தார்.

"எஞ்சின் சூடாகிற வரைக்கும் இந்தக் குழாய் ஜில்லுன்னு இருக்கணும். தண்ணிய உள்ளேயே அடைச்சு வைக்க ஒரு வால்வு இருக்கு, தெர்மோஸ்டாட். இதுல எடுத்தவுடனே தண்ணி ஓடுது. தொட்டுப் பாருங்க."

அண்ணன் தொடவில்லை. தொட்டவனைப் போலத் தலையை மட்டும் ஆட்டினான்.

எஞ்சினை அணைத்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார். கீழே வைத்த தட்டில் தண்ணீர் கொட்டியது. வால்வு உட்காரும் இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

"வால்வே இல்ல சார். யாரோ எடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"கொதிக்கிற வண்டிய விக்கிறவங்க செய்ற வேலை. இதை எடுத்துட்டா முள்ளு ஏறாது. வாங்கறவனுக்குத் தெரியாது."

அண்ணனின் முகத்தில் முதல்முறையாகச் சூடு ஏறியது. புத்திசாலியும் முட்டாளும் கதைக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்தான்.

"டேய் மச்சான், எங்கடா இருக்க? அங்கேயே இரு. அசையாத!"

"அப்ப கையெழுத்து, அண்ணா?" என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி.

"கையெழுத்தாவது காலெழுத்தாவது! இந்தத் தகரத்தைக் குடுத்து எழுதி வாங்கினேன்னு நாலு பேரு பேசவா?"

"சரிண்ணா. உன் புது வண்டிய வேணா குடு, இன்னிக்கே போட்டுடறேன்."

அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான். ஆட்டோ திரும்பும்வரை போனில் கத்துவது கேட்டது.

மேஸ்திரி தட்டிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். துருவோ எண்ணெயோ இல்லை, சுத்தமாக இருந்தது. கொதித்த வண்டியின் தண்ணீர் இப்படி இருக்காது.

மூடியின் விளிம்பில் விரலை வைத்தார். கசியாமல் இருக்கத் தடவும் சாம்பல்நிறப் பசை. ஒரு பகலில் காய்ந்து இறுகிவிடும். இது இன்னும் விரலோடு ஒட்டி வந்தது.

பானட்டை மூட அவள் கையை உயர்த்தினாள். நகங்களுக்கு அடியில் அதே சாம்பல்நிறம்.

மேஸ்திரி ஒரு பழைய துணியைப் பெட்ரோலில் நனைத்து அவளிடம் நீட்டினார்.

"பசைய இவ்வளவு அப்பக் கூடாதும்மா. இதே இடத்துல நின்னு உன் வீட்டுக்காரனுக்கும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனேன்."