ஷார்ஜாவுக்கு நாலு மணி நேரம்

"இனிமே யாராவது பொட்டலத்தோட வந்தா, நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு மஞ்சு!"

அறிவரசன் பெட்டியை அழுத்தி மூடிப் பார்த்தார். ஷார்ஜாவில் இருக்கும் மகள் கவியாவைப் பார்க்க மறுநாள் புறப்படுகிறார். செய்தி தெருவில் பரவியதுதான் தாமதம், ஒருத்தர் முறுக்கு, ஒருத்தர் மூட்டுவலித் தைலம் என்று கொண்டுவந்து திணித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நான் என்ன மனுசனா, பார்சல் ஆபீஸா?"

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் பக்கத்துத் தெருப் பொன்னாயி. நல்லவேளை, கையில் ஒன்றுமில்லை.

"சார், நாளைக்குக் கெளம்புறீங்களாம்ல? எங்க சக்தியும் அங்கதான கட்டட வேலை பாக்குறான். மூணு வருசமா லீவு கெடைக்கல. 'ஒன் கையால கோழி வறுவல் தின்னு எத்தினி நாளாச்சும்மா'ன்னு நேத்து போன்ல அழுவுறான் சார்."

"அதுக்கு?"

"திருச்சியில ஏறுனா நாலு மணி நேரந்தானாம்ல. தா.பழூர்ல என் தங்கச்சி வூட்டுக்கு பஸ் மாறிப் போய்ச் சேரவே அரை நாளாவுது! காலையில வறுத்துக் குடுத்தேன்னா, அன்னிக்கே அவன் சோத்துத் தட்டுல இருக்கும். ஒரு சின்ன டப்பாதான் சார்."

எண்ணெய் வழியும் டப்பா. பெட்டி நிறையப் புதுச் சட்டைகள். அறிவரசனுக்கு யோசிக்காமலே பொய் வந்தது.

"அது நேராப் போற பிளேன்ம்மா. அதுல எனக்கு டிக்கெட் கிடைக்கல. மும்பை போயி, அங்க உக்காந்து கெடந்து, வேற பிளேன் புடிச்சுப் போய்ச் சேர ஒரு நாள் பூரா ஆயிடும். கோழி ஊசிப் போயிடும்."

"ஒரு நாளா!"

பொன்னாயி அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

"ஏங்க, பெட்டியில இடம் இருக்கே," என்றாள் மஞ்சு.

"இருக்கு. சட்டையெல்லாம் மசாலா வாசம் அடிக்கணுமா? இன்னிக்கு கோழி வாங்கிட்டா, அடுத்த தடவை ஆட்டையே உரிச்சுக் கொண்டாருவாங்க."

மஞ்சு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை காரில் ஏறப்போகும் நேரம். துணிப்பையும் கையுமாகப் பொன்னாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

அவருக்கு எரிச்சல் பொங்கியது. "கெட்டுப் போயிடும்னு நேத்தே சொன்னேன்லம்மா?"

"இது சக்திக்கு இல்ல சார். ஒங்களுக்கு." பையை அவர் கையில் திணித்தாள். "சுகர் மாத்திர போடுற ஒடம்பு. நாள் பூரா வவுத்தக் காயப் போட்டா மயக்கம் வந்துடாதா? இட்லிதான் சார். எண்ண தடவி மொளவாப்பொடி போட்டிருக்கேன். ராத்திரி வரைக்கும் தாங்கும்."

பை கதகதவென்று இருந்தது. மஞ்சு அவரைப் பார்த்தாள். அவர் பையைப் பார்த்தார்.

"பொன்னாயிம்மா... அந்த பிளேன் வந்து..."

"அந்தப் பேச்ச வுடுங்க சார்! டிராவல்ஸ் வெச்சிருக்கானே வைரக்கண்ணு, அவன் என்னமோ ஒளர்றான். 'சார் போறது நேர் பிளேன், நான்தான டிக்கெட் போட்டேன்'ங்கறான். வந்துச்சே எனக்குக் கோவம்! 'ஒரு டப்பா கோழிக்குப் பயந்தாடா சார் பொய் சொல்லுவாரு? வாயக் கழுவுடா'ன்னு நல்லாக் கேட்டு வுட்டுட்டுத்தான் வரேன்!"