இரண்டு தட்டு கறுப்புப் பொடி

“டேய் தோங்-ஹா, இது எக்ஸ்-ரேக்கு வைக்கிற தட்டா, கோழிக்குத் தூவின தவிடா?”

செ-ரின் சிரித்தாள். அவளுடைய தட்டில் கறுப்புப் பொடி வழவழவென்று சமமாக இருந்தது. மேலே கண்ணாடித் துண்டை வைத்து, கட்டைவிரலால் அழுத்து அழுத்தென்று அழுத்தியிருந்தாள். பக்கத்தில் தோங்-ஹாவின் தட்டு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

“மெஷின் கையேட்டுல அழுத்தாதேன்னுதான்க்கா போட்டிருக்கு. அழுத்தினா துகளெல்லாம் ஒரே பக்கமா படுத்துக்குமாம். கதிருக்கு அந்த ஒரு பக்கம்தான் தெரியுமாம்.”

“இந்த லேப்ல கையேட்டைப் படிச்ச முதல் ஆளு நீதான்டா. அவசரத்துல கொட்டிட்டேன்னு சொல்லு, ஒத்துக்கறேன்.”

அதுவும் உண்மைதான். அவசரத்தில்தான் கொட்டியிருந்தான்.

தென்கொரியாவின் தேஜான் நகரில் இருந்த அந்த ஆய்வகம் முழுக்க பேட்டரிப் பொடிதான் பேச்சு. பொடியில் கோபால்ட் கலந்தால் அணுக்கள் சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையாக நிற்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சரி, வேண்டாமென்று எடுத்துவிட்டால், லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் நிக்கல் போய் உட்கார்ந்துகொள்ளும். மெட்ரோ ரயிலில் கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிய இருக்கையில் தடியன்கள் உட்கார்ந்துகொண்டு தூங்குவதுபோல நடிப்பார்களே, அதே கதைதான். லித்தியம் போக வர வழியில்லாமல் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துவிடும்.

அந்தக் குழப்பம் வராமல் இருக்க, இருவரும் ஆளுக்கொரு பக்குவத்தில் பொடி தயாரித்திருந்தார்கள். தேறியதை மதியத்துக்குள் பேராசிரியர் மா பேட்டரி கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிடுவார். தேறாத ஆராய்ச்சிக்கு அன்றோடு மூடுவிழா. செ-ரின் மூத்தவள், அவளுக்கு வேறு தலைப்பு கிடைத்துவிடும். தோங்-ஹா படிப்பைக் காட்டித்தான் கட்டாயப் பட்டாளச் சேவையைத் தள்ளிப் போட்டிருந்தான். லேப் போனால் தலையை மழித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பேராசிரியர் மா கையில் காகிதக் கோப்பைக் காபியோடு உள்ளே வந்தார். இருவரும் குனிந்து வணங்கினார்கள். அவர் தட்டுகளைத்தான் பார்த்தார்.

“செ-ரின் தட்டைப் பாரு, முகம் பாக்கலாம். ஒன்பது வருஷமா இந்த லேப்ல இப்படித்தான் வைக்கிறோம். நம்ம கட்டுரை அத்தனையும் இப்படி வச்சு எடுத்ததுதான். உனக்கு மட்டும் என்னடா வந்துச்சு?”

“கையேட்டுல, சார்...”

“கையேடு எழுதினவன் ஒரு நாளாவது பொடி பண்ணியிருக்கானா? ஓட்டு, ஓட்டு.”

முதலில் செ-ரினுடைய தட்டு உள்ளே போனது. திரையில் இரண்டு கூம்புகள் எழும். இரண்டாவதைவிட முதலாவது ஒன்று புள்ளி இரண்டு மடங்காவது உயர்ந்தால்தான் அணுக்கள் ஒழுங்காக நிற்கின்றன என்று அந்த லேபில் கணக்கு. செ-ரினுடையது ஒன்று புள்ளி ஆறுக்கு எகிறியது.

“இதுதான்மா ஒழுங்கு! நிக்கல் வாலைச் சுருட்டிக்கிட்டு அது இடத்துல உக்காந்திருக்கு பாரு!” என்றார் பேராசிரியர். செ-ரின் மறுபடி குனிந்து வணங்கி, சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

அடுத்து தோங்-ஹாவின் தட்டு. அவன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றான். முதல் கூம்பு பாதி ஏறியது. அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவதன் உயரம்தான், மடங்கு சரியாக ஒன்று.

“இருக்கவே முடியாது!” என்று கத்தியேவிட்டான்.

“உன் பொடி மேல அவ்வளவு நம்பிக்கையா?” பேராசிரியர் காபியை உறிஞ்சினார். “உள்ளே சந்தைக் கடையாட்டம் இருக்கு. யாரு எங்க உக்காந்திருக்கான்னே தெரியல. போதும் தோங்-ஹா, மூட்டை கட்டிடு.”

தோங்-ஹாவின் முகம் வெளிறியது. திரையில் இரண்டு தட்டுகளுக்கும் வந்த கோடுகளை மாறி மாறிப் பார்த்தான். செ-ரினுக்கே மனசு கேட்கவில்லை.

“சார், இன்னொரு தடவை தயார் பண்ணச் சொல்லலாமே. பாவம் சார்.”

“பாவம் பாத்தா பேட்டரி ஓடாதும்மா.” அவர் மடிக்கணினியைத் திறந்து கம்பெனிக்கு மடல் அடிக்க ஆரம்பித்தார். முதல் தவணையாக இருபது கிலோ தயாரிக்கலாம் என்று எழுதினார்.

“சார், அதை அனுப்பாதீங்க” என்றான் தோங்-ஹா. “அக்கா பொடியை அழுத்தாம ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.”

செ-ரினுடைய இரக்கம் போன இடம் தெரியவில்லை. “தோத்தா ஒத்துக்கணும்டா. என் பொடி என்னடா பண்ணுச்சு உன்னை?”

“விடும்மா.” பேராசிரியரின் விரல் பொத்தான் மேல் இருந்தது. “ஏன்டா, அழுத்தாம ஓட்டினா என்ன வரும்னு ஐயாவுக்கு முன்கூட்டியே தெரியுமோ?”

“தெரியும் சார். அதோ, ரெண்டாவது கோடு.” தோங்-ஹா தலையைக் குனிந்துகொண்டான். “காலையில அக்கா வர்றதுக்கு முன்னாடி பட்டாளத்துக்குப் பயந்து அவங்க டப்பாவிலேர்ந்து ஒரு கரண்டி திருடித்தான் என் தட்டுல கொட்டினேன். என் பொடி அந்த அலமாரியில, மூடியே திறக்காம இருக்கு.”