ஐந்தாவது டயர்

“ஸ்டெப்னி, அந்த ஸ்டெப்னியக் கொஞ்சம் கீழ இறக்குங்க.”

டயர் கடைக்கார அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் ஸ்டெப்னி, பழைய வேனின் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கிய ஒரு மனிதர். இரண்டாவது ஸ்டெப்னி, அதே வேனின் அடிவயிற்றில் சங்கிலியில் தொங்கிய மாற்று டயர். சொன்னவள், வேனை ஓட்டி வந்த இளம்பெண்.

அவர் இருக்கைக்கு அடியிலிருந்து வளைந்த கம்பியை எடுத்து, பின்பக்கத் துளையில் செருகிச் சுற்றினார். சத்தமே இல்லாமல் டயர் தரைக்கு இறங்கியது. அதன்மேல் ரெக்சினில் தைத்த உறை.

“உறை வேறயா? எங்க வீட்டு டிவிக்கே நான் உறை போடல” என்றபடி அக்கா உட்கார்ந்து, உறையைக் கழற்றி, டயரின் பக்கவாட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார். காற்றையும் அளந்தார். “வெடிப்பு இல்ல. காத்தும் கரெக்டா இருக்கு. இங்க வர்ற பாதி வண்டியில ஸ்டெப்னி செத்துத்தான் கெடக்கும். யார் பாத்துக்கறது?”

“இவருதான். மாசம் தவறினாலும் இவரு தவற மாட்டாரு” என்றாள் அவள். “இத்தனை வருஷத்துல ஒரு பஞ்சர்கூட ஆகல. ஆனாலும் அடியில படுத்துக்கிட்டு கிரீஸ் போடுவாரு.”

“போடலேன்னா சங்கிலி துருப்பிடிச்சுரும். நமக்கு வேணும்கிற அன்னைக்குப் பாத்து இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கும்” என்றார் அவர்.

“அதான் உங்களுக்கு இந்தப் பட்டப்பேரா?”

“அப்படியே வெச்சுக்குங்க.”

அக்கா எழுந்தார். “சரி, ஸ்டெப்னிய நிமித்துங்க.”

அவர் சட்டென்று முதுகை நிமிர்த்தி நின்றார்.

“ஐயோ, உங்களை இல்லண்ணே. டயரை.”

அவளும் சிரித்தாள். அவர் கொஞ்சம் அசடு வழிந்து டயரைத் தூக்கி நிறுத்தினார்.

“நாளைக்குப் பாப்பா தனியாப் போகுதுங்க” என்றார், டயரைப் பிடித்தபடியே. “தையல் மெஷின் ரிப்பேர் வேலை. பெரிய கம்பெனி ஒண்ணு கூப்பிட்டிருக்கு. அங்கேயே வீடும் பாத்தாச்சு. வழியெல்லாம் மலை ரோடு. நடுவுல ஒரு கடை கெடையாது. டயர் போச்சுன்னா போனும் எடுக்காது. அதான் ஒரு தடவை முழுசாப் பாத்துருங்க.”

“நீங்க கூடப் போகலியா? வண்டிய எப்பவும் பாப்பாதான் ஓட்டுமா?”

“முன்னாடி நான்தான் ஓட்டினேன். பாப்பா லைசென்ஸ் எடுத்ததும் சாவியக் குடுத்துட்டேன். இப்ப பின்னாடி, மெஷினோட மெஷினா உக்காந்துக்குவேன்.”

“முன் சீட்டு?”

“அதுல பாப்பாவோட டூல்ஸ் பை இருக்கும்.”

அக்கா வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்க இடது டயரிடம் நின்று, உள்ளங்கையால் தடவினார்.

“இது வழவழன்னு ஆயிடுச்சும்மா. இதை வெச்சுக்கிட்டு மலை ஏறாத.”

“புதுசு போட்டுருங்கக்கா.”

“எதுக்கு? கையிலயே நல்லது இருக்கு. ஸ்டெப்னிய முன்னாடி மாட்டு. தேஞ்சதை அடியில தொங்க விடு. கடை வர்ற வரைக்கும் தாங்கும்.”

அவள் தயங்கினாள். “ஸ்டெப்னிய எப்படிக்கா முன்னாடி போடறது? அது அவசரத்துக்குத்தானே?”

“அவசரத்துக்கு அவசரத்துக்குன்னு தொங்க விட்டே வெச்சிருந்தா, ஓடாமலே அதுக்கு வயசாயிடும். அப்புறம் நீ ஆசையா எடுத்து மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல. நல்ல டயரு. அதையும் முறை போட்டு ஓட விடணும்மா.”

அவள் டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாப்பாவுக்கு இஷ்டம் இல்லேன்னா விட்டுருங்க” என்றார் அவர். “அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். ஒண்ணும் அவசரம் இல்ல.”

“மாட்டுங்கக்கா” என்றாள் அவள்.

அக்கா ஜாக்கியை வைத்தார். பழைய டயர் கழன்று வந்தது. மாற்று டயர் அந்த இடத்தில் போய்ப் பொருந்தியது. நட்டுகளை முறுக்க அக்கா ஸ்பேனரை எடுத்ததும், அவர் குறுக்கே கையை நீட்டினார்.

“பாப்பாவே முறுக்கட்டுங்க. இனிமே அதுதான பண்ணணும்? ஒண்ணை முறுக்கினா அடுத்து எதிர்ல இருக்கறதும்மா. வரிசையாப் போகக் கூடாது. ஆங், கால வெச்சு அழுத்து.”

அவள் ஒவ்வொன்றாக முறுக்கினாள். அவர் குனிந்து எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தார். பிறகு தேய்ந்த டயருக்கு உறையை மாட்டி, அடியில் ஏற்றி, கம்பியைத் துடைத்து இருக்கைக்கு அடியில் வைத்தார். கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, வழக்கம்போலப் பின்கதவுப் பக்கம் நடந்தார்.

“நல்ல மனுஷன்” என்றார் அக்கா தாழ்ந்த குரலில். “டயர் மேல இத்தனை கிறுக்கா இருக்கறவருக்குப் பொருத்தமான பேரைத்தான் வெச்சிருக்காங்க.”

“அது டயருக்காக வெச்ச பேரு இல்லக்கா. நான் வெச்சது. பத்து வயசுல.” அவள் முன்பக்கக் கதவைத் திறந்து, இருக்கையிலிருந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டாள். “எங்கப்பா செத்துப்போன மறு வருஷம், அம்மா இவரைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு வெச்சேன்.”

பின்கதவில் கை வைத்திருந்தவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அப்பா, முன்னாடி வந்து உக்காருங்க.”

ஸ்டெப்னி என்றால் சட்டென்று திரும்புகிற அந்த மனிதர், யாரைக் கூப்பிடுகிறாள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.