அறையில் மூன்று பேர்

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டுக்கு ஜன்னல் ஏசி வாங்க, பால்துரை எக்ஸெல்லில் பதினான்கு மாடல்களை இரண்டு வாரம் ஒப்பிட்டான்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ பத்து நிமிஷங்கூட யோசிக்கலியே," என்றாள் அல்போன்சா.

"நீ கரண்ட்ல ஓடலியே."

வென்ற மாடல் அறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் போனில் காட்டும். யாருமில்லை என்றால் தானே அணைந்துவிடும். கரண்ட் மிச்சம்.

ஜூன் முழுக்க இரண்டு என்றே காட்டியது. ஜூலையில், அல்போன்சாவின் வயிற்றிலிருந்த ஆறு மாதக் குழந்தை இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் வெறுங்கையோடு திரும்பிய அன்று, போன் மூன்று என்றது. பால்துரை சென்சாரைத் துடைத்தான். பிளக்கைக் கழற்றி மாட்டினான். மூன்றுதான்.

"டிஃபெக்ட் பீஸ். ரிட்டர்ன் பண்ணிடறேன்."



ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனார்கள். காணிக்கை நேரத்தில் அவன் போனைப் பார்த்தான். அறையில் ஒருவர். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போன விரலை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. புழுங்கும்."

அவன் அணைக்கவில்லை. பூசை முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.