ஆன்லதான் இருப்போம்

பூட்டைத் திறந்து உள்ளே வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. அம்மா ஆபீஸில்.

யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டேபை எடுத்து, ஜெபின் அண்ணா அனுப்பிய லிங்கைத் தொட்டேன்.

கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஜெபின் அண்ணாவைப் போல அம்மாவோடு வேலை பார்ப்பவர்கள். நான் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அம்மாவே தன்னோடு வேலை பார்ப்பவர்களில் சிலரை இன்றுதான் ஆபீஸில் பார்க்கிறாள்.

அவர்கள் மைக் எல்லாம் அணைந்திருந்தது. என்னுடையது மட்டும் திறந்திருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

எனக்கு வலிப்பு வரும்.

எப்போது என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் அம்மா வீட்டிலிருந்தே, ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். இன்னொரு காது எனக்கு.

போன வாரம் ஆன்லைன் மீட்டிங்கில் அம்மாவின் மேனேஜர் கோதண்டம் சார் மேலிடத்து உத்தரவை வாசித்தார். இனி வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ்.

அன்றுதான் அம்மா முதன்முதலாக அவர்களிடம் சொன்னாள்.

"எம் புள்ளயத் தனியா உட முடியாதுங்க சார். அவளுக்கு ஃபிட்ஸ் வரும்."

மீட்டிங் அத்தோடு முடிந்தது. அம்மாவின் வேலை என்னால் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் லிங்க் வந்தது. கூடவே ஒரு வரி.

"அக்கா, அன்னன்னைக்கு வீட்டுல இருக்கவங்க ஆன்லதான் இருப்போம்."

நாகர்கோவிலிலிருந்து ஜெபின் அண்ணாவால் ஓடி வர முடியாது. ஆனால் சத்தம் கேட்டால் கீழ்வீட்டு ஜமீலா அக்காவுக்குப் போன் போட முடியும். சாவி அவரிடம் இருக்கிறது.

பசித்தது. டேபோடு சமையலறைக்குப் போய், தட்டில் தோசையை வைத்தேன். ஒரு கையில் டேபும் மறு கையில் தட்டுமாகத் திரும்பினேன்.

தட்டு நழுவியது.

சில்வர் தட்டு. தரையில் சுற்றிச் சுற்றி அதிர்ந்தது.

அது அடங்குவதற்குள் அத்தனை மைக்கும் திறந்துகொண்டன.

"பாப்பா!"

"ஏ மக்ளே, என்னாச்சு?"

"ஜமீலாக்கா நம்பர் யார்ட்ட இருக்கு? போடுங்க, போடுங்க!"

யார் வீட்டிலோ குக்கர் விசில். ஒரு நாயின் குரைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கோதண்டம் சார். அவர் பெயர் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நான் கவனிக்கவே இல்லை.

"அம்மாடி, பேசும்மா. ஏதாவது பேசு."

"தட்டுங்க சார். கை தவறிருச்சு."

"ஜமீலாக்காவுக்குப் போட வேண்டாம்," என்றது ஒரு குரல்.

"நல்ல கனமான தட்டு கேட்டியளா," என்றார் ஜெபின் அண்ணா. யாரோ சிரித்தார்கள்.

மைக் ஒவ்வொன்றாக அணைந்தது. சாருடையது கடைசியாக.

அழுதால் அவர்களுக்குக் கேட்டுவிடும்.

குழாயைத் திறந்துவிட்டேன்.