சாட்சிப் பற்கள்

“பேஸ்ட்டுல இருக்கற ஃபுளோரைடுங்கறது விஷம்,” என்றார் பல்குரு.

விஷம் என்ற சொல்லின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்குவார்.

மூன்று வருடங்களுக்கு முன்புவரை குளியலறை ஓடு விற்றுக்கொண்டிருந்தவர். வெண்மை, பளபளப்பு, கறை படியாது, ஆயுளுக்கும் தாங்கும். தொழில் மாறியபோது வசனத்தில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள் அவர் மனைவி. நேரலையில் வந்து விழும் கேள்விகளை வாசிப்பதும் அவள்தான். பார்ப்பவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அவள் ‘கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற அக்கா’.

கேள்வி வாசிப்பதற்கு ஒரு வீட்டுச் சட்டம் உண்டு. பாராட்டை வாசிக்கலாம். அவர் விற்கும் கரிப் பற்பசை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் இரண்டு தடவை வாசிக்கலாம். வலி, வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் கண்டுகொள்ளக் கூடாது.

இன்று ஒரு கேள்வி வந்தது. கண்டுகொள்ளவில்லை. மறுபடி வந்தது. மூன்றாவது முறையும் வந்தபோது அவளால் முடியவில்லை.

“ஒரு அம்மா கேக்கறாங்க,” என்று சத்தமாக வாசித்தாள். “‘அண்ணா, என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. உங்க பாப்பா பல்லைப் பார்த்துட்டுதான் பேஸ்ட்டை நிறுத்திட்டு உங்க கரிப்பசைக்கு மாறினோம். இப்ப கன்னம் வீங்கி, வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறிடுச்சு. காய்ச்சல் வேற. டாக்டர்கிட்ட போகட்டுமா, பசையே போதுமா?’”

பல்குரு மனைவியை முறைத்தார். முறைப்பு நேரலையிலும் போகிறது என்பது உறைத்ததும் அதை அப்படியே கருணையாக மாற்றிக்கொண்டார்.

“பயப்படாதீங்கம்மா. இத்தனை நாள் உள்ள போன விஷம் வெளிய வருது. வீங்கத்தான் செய்யும். ரெண்டு வேளைக்கு பதிலா நாலு வேளை தேய்ச்சு விடுங்க. டாக்டர்கிட்ட போனா அதே விஷத்தைத் திரும்ப உள்ள வைப்பாரு.”

திரையில் இதயங்கள் பறந்தன.

“சந்தேகமா இருக்கா? பாப்பா, இங்க வாடா.”

பாப்பா பழகிய குழந்தை. வாயைத் திறந்துகொண்டேதான் வந்தாள்.

“பாருங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு பொட்டு பேஸ்ட் இந்த வாய்க்குள்ள போனதில்ல. ஒரு சொத்தை காட்டுங்க பார்ப்போம்! நல்லா கிட்ட காட்டும்மா.”

மனைவி போனைக் கிட்டே கொண்டுபோனாள். திரை முழுக்கப் பல். ஒரு புள்ளி இல்லை, ஒரு கறை இல்லை. பல்குருவிடம் பட்டம் கிடையாது, படிப்பு கிடையாது. இருந்த ஒரே சான்றிதழ் இந்த வாய்தான்.

இதயங்களுக்கு நடுவே அந்த அம்மாவின் பதில் வந்தது. ‘சரிண்ணா. நாலு வேளை போடறேன்.’

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். திரையின் மூலையில் இருந்த குறியைத் தொட்டாள். கேமரா திரும்பியது.

தலை சீவாத ஒரு பெண் முகம் நேரலையில் வந்தது.

“ஏய், என்ன பண்ற? திருப்பு அதை!”

“கொஞ்சம் இருங்க.”

அவர் போனைப் பிடுங்க வந்தார். அவள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அவர் இந்தப் பக்கம் வந்தார். குரு ஓடிப் பிடித்து விளையாடுவதை ஆயிரக்கணக்கானவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

“அம்மா, உங்களுக்குத்தான் சொல்றேன்,” என்றாள், மேஜையைச் சுற்றிக்கொண்டே. “நாலு வேளையும் வேணாம், ஒரு வேளையும் வேணாம். கண்ணு வரைக்கும் வீங்கியிருக்குன்னா அது சாதாரணம் இல்ல. உங்க பொண்ணைத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு இருந்துடாதீங்க.”

“உனக்கென்னடி தெரியும்? நம்ம பாப்பா பல்லே சாட்சி!”

“அந்தச் சாட்சியைத் தினம் ரெண்டு வேளை தேய்ச்சு விடறது நான்தாங்க.”

அவர் நின்றார்.

“கடைல விக்கிற சாதாரண பேஸ்ட்டு. ஃபுளோரைடு இருக்கான்னு பார்த்துப் பார்த்து வாங்குவேன். மொதப் பல்லு மொளைச்சப்ப அரிசி அளவு, இப்ப பட்டாணி அளவு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரு. உங்ககிட்டதான் ஓவியப் போட்டின்னு சொல்லிட்டுப் போவோம்.”

யாரும் மூடச் சொல்லாததால் பாப்பா இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றிருந்தாள்.

“இவருக்கும்தான்,” என்றாள் கேமராவிடம். “இவரோட டப்பால மட்டும் அதைக் கலந்து வெச்சிடுவேன். கரியோட கரியாப் போயிடும். வாய் ஜில்லுன்னு இருக்கு, எல்லாம் கரியோட சக்தின்னு போன வாரம் சொன்னாரே, அது பேஸ்ட்டு.”

பல்குரு தன் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“கட் பண்ணு,” என்றார். இந்தத் தடவை குரல் தானாகவே இறங்கியிருந்தது.

“அந்தம்மா பதில் சொல்லட்டும், பண்றேன்.”

பார்ப்பவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ‘அக்கா, எந்த பேஸ்ட்?’ ‘லிங்க் குடுங்கக்கா.’ ‘அக்கா, தனியா சேனல் ஆரம்பிங்க, நாங்க இருக்கோம்.’ ஒருவர் அதற்குள் ‘பல்லரசி வாழ்க’ என்று போட்டிருந்தார்.

அவள் எதையும் வாசிக்கவில்லை. மேஜையின் அந்தப் பக்கத்தில் நின்றபடி, வந்துகொண்டே இருந்த வரிகளில் ஒரே ஒரு பெயரைத் தேடினாள்.

வந்தது.

‘செருப்பு மாட்டிட்டேன்க்கா. கிளம்பறோம்.’